சமையல் நூலாசிரியை எட்னா லூயிஸ் அம்மையார்

சமையல் நூல் என்றதும் கற்றோர் சிலரின் முகத்தில் ஓர் ஏளனப் புன்னகை தோன்றுவதுண்டு. காவியம் பாடினோரும் நாடு ஆண்டோரும் இருக்க, கோழி பொரிக்கவும் கேக் சுடவும் கற்பித்த ஒருவரின் வாழ்க்கையில் அறிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணுவர். ஒரு மக்கட் கூட்டம் எதை விதைத்தது, எப்போது அறுத்தது, எந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடியது, அந்நாளிலே யாரோடு இருந்து உண்டது என்பன அரசாங்க ஏடுகளிலே எழுதப்படுவதில்லை. எழுதுவார் இன்றிப் போனால் இரண்டு தலைமுறைக்குள் அவை மறைந்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வேர்ஜீனியா மாநிலத்திலே, விடுதலை பெற்ற அடிமைகள் சிலர் கூடி அமைத்த ஒரு சிற்றூரின் வாழ்க்கை அவ்வாறு மறையாமற் காத்தவர் எட்னா லூயிஸ் அம்மையார். அவர் அதனைக் காத்து வைத்த பேழை ஒரு சமையல் நூல்.

எட்னா லூயிஸ் 1916ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 13ஆந் திகதி பிறந்தார். பிறந்த ஊரின் பெயர் ஃப்ரீடவுன். வேர்ஜீனியாவின் ஒறேஞ்ச் மாவட்டத்தில், பண்ணை நிலங்களுக்கிடையே இருந்த சில வீடுகளின் தொகுதியே அது. கடைத்தெருவும் இல்லை, சந்தையும் இல்லை. நகரம் என்று சொல்லத்தக்க யாதொன்றும் அங்கு இருந்ததில்லை. அவ்வாறிருக்க அதற்கு நகரம் என்ற பொருள்படும் பெயர் எவ்வாறு வந்தது என்பதே அவ்வூரின் வரலாறு. அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குமுன் ஆடுமாடுகளைப்போல விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வாழ்ந்த சிலர், தம் முன்னைய பண்ணையாளர் ஒருவர் வழங்கிய நிலத்திற் குடியேறினர். முதலில் மூன்று குடில்கள் எழுந்தன. பின்னர் வந்த குடும்பங்கள் அவற்றைச் சுற்றி வட்டமாக வீடுகள் அமைத்துக்கொண்டன. தாங்கள் விடுதலை பெற்ற மக்கள் என்பதைப் பிறர் வாயாலும் சொல்லக் கேட்கவேண்டும் என்ற ஆசையினால் அவர்கள் தம் ஊருக்குச் 'சுதந்திர நகரம்' எனப் பொருள்படும் ஃப்ரீடவுன் என்ற பெயரைச் சூட்டினர். அந்த ஊரை நிறுவியோருள் ஒருவர் செஸ்டர் லூயிஸ் என்பவர். அவரே எட்னாவின் பாட்டனார்.

பாட்டியாரின் கதை இன்னும் உருக்கமானது. அடிமையாயிருந்த காலத்தில் அப்பெண்மணி 950 டொலர் விலைக்கு வாங்கப்பட்டவர். செல்வந்தரான நிலக்கிழார் ஒருவர் அவரைச் செங்கல் அறுக்கவும், சுமக்கவும், சுவர் எழுப்பவும் ஏவினார். பெண்ணொருத்தி கொத்து வேலை செய்வது அந்நாளில் அரிது. அடிமைக்கோ ஆண் பெண் என்ற வேறுபாடு யார் பார்த்தார்? விடியுமுன் வேலைக்குப் போகும் அத்தாய், பாலுண்ணும் குழந்தைகளைத் தொட்டிலில் விட்டுச் செல்லவேண்டியிருந்தது. பகல் முழுவதும் அவை அழுதனவா, உறங்கினவா என்பதை அறிய வழியில்லை. விடுதலை வந்து, பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் வந்த பின்னருங்கூட அந்த நினைவு அவரை வாட்டியது. தம் நூலின் முன்னுரையிலே எட்னா இச்செய்தியைச் சில வரிகளிற் சொல்லி மேலே செல்கிறார். அழுது புலம்பவுமில்லை, எவரையும் சபிக்கவுமில்லை. சொல்லாமல் விட்ட பகுதியே அவ்வரிகளுக்கு வலிமை தருகிறது.

பாட்டனார் வீட்டைக் கட்டியபோது ஊரிலுள்ள மற்றை வீடுகளைவிடப் பெரிய அறைகளை வைத்துக் கட்டினார். காரணம் இதுதான்: அவ்வீட்டின் அறையே ஊரின் முதலாவது பள்ளிக்கூடமாயிற்று. இசபெல்லா லைட்ஃபூட் என்ற ஆசிரியை அங்கே கற்பித்தார். அவர் வடமாநிலமாகிய ஒகையோவிலுள்ள ஓபர்லின் கல்லூரியிற் கற்றுத் திரும்பியவர். கறுப்பினத்தவரையும் பெண்களையும் வேறு கல்லூரிகள் வாசலிலே நிறுத்திவைத்த காலத்தில் உள்ளே அழைத்துக்கொண்ட கல்லூரி அது. அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என்று சட்டம் இருந்த அதே வேர்ஜீனியாவில், விடுதலை பெற்ற மனிதன் கூரை வேய்ந்த கையோடு செய்த அடுத்த காரியம் பள்ளிக்கு இடம் ஒதுக்கியதாகும். வளமான நாடுகளிலே கட்டட நிதி வரும்வரை காத்திருக்கும் கல்விப் பகுதிகள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். அவ்வூரார் மாலை வேளைகளிற் கூடிக் கவிதைகளை மனனமாக ஒப்புவித்தனர், பாட்டிசைத்தனர், ஒருவர் வயலில் மற்றவர் கூலி வாங்காது உழைத்தனர்.

இனி அடுக்களைக்கு வருவோம். எட்னா வளர்ந்த வீட்டிலே மின்சாரம் இல்லை. குழாய் நீர் இல்லை. விறகு எரித்த அடுப்பே இருந்தது. அளவுக் கிண்ணங்களும் கரண்டிகளும் ஒழுங்காய் இல்லாமையால், மாவைப் பொங்கச் செய்யும் பேக்கிங் பவுடரை நாணயங்களின்மேற் குவித்து அளந்தனர். ஐந்து சத நாணயத்தின்மேல் நிற்கும் அளவு ஒன்று. பத்துச் சத நாணயத்தின்மேல் நிற்கும் அளவு மற்றொன்று. போறணையில் வைத்த கேக் வெந்ததா என்று அறிய மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. காதைக் கொடுத்துக் கேட்பார்கள். வேகாத கேக்கினுள் நீர்க் குமிழிகள் வெடித்து மெல்லிய இரைச்சல் எழுந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் அடங்கி, முற்றாக மௌனமாகும் முன்னர், ஒரு மெலிந்த ஓசை மட்டும் எஞ்சும் நேரமே எடுக்கும் நேரம். பிற்காலத்தில் நியூயோர்க்கின் பெரிய உணவுச்சாலைகளிலே தலைமைச் சமையலாளராய் இருந்தபோதும் எட்னா அம்மையார் கேக்கின்மேற் குனிந்து காது கொடுப்பதை இளைஞர்கள் வியந்து பார்த்தார்கள். அடுப்படியிற் பழகிய எந்த நாட்டுப் பெண்ணுக்கும் இது வியப்பாய் இராது.

அவ்வூரில் உணவு பருவத்தோடு வந்தது, பருவத்தோடு போயிற்று. இளவேனிலில் ஷாட் என்னும் மீன் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும். வேலியோரங்களிலும் வயல் வரம்புகளிலும் தாமாக முளைத்த கீரைகளைப் பெண்கள் கூடை கூடையாய்ப் பறித்து வருவர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெயரைச் சொன்னதும் எல்லார்க்கும் நினைவு வரும் பொரித்த கோழி, ஃப்ரீடவுனில் ஆண்டு முழுவதும் கிடைத்த பண்டமன்று. இளவேனிலின் பிற்பகுதி தொடங்கிக் கோடையின் முற்பகுதி வரை, குஞ்சுகள் பொரிப்பதற்கு ஏற்ற வயதை அடையும் சில வாரங்களில் மாத்திரமே அது உண்டு. அதனையும் பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் சேர்ந்த நெய்யில், மணத்துக்காக உப்பிட்டுப் புகையூட்டிய ஒரு துண்டு இறைச்சியும் போட்டுப் பொரித்தார்கள். கோதுமை அறுவடை நாளில் வயலுக்கு வந்த அயலார் அனைவர்க்கும் நண்பகல் விருந்து. ஓகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் எழுச்சி வாரம் தொடங்கும். ஊரைவிட்டுப் பட்டணங்களுக்குப் போனவர்களெல்லாம் அன்று திரும்பி வருவர். தாய்மார் இராமுழுதும் சமைத்து, ஆலயத்து மரநிழலில் நீண்ட மேசைகளிலே பரப்புவர். டிசெம்பர்க் குளிரிலே பன்றி வெட்டுவர். அதன் நீர்ப்பையைப் பிள்ளைகள் ஊதி உலர்த்திப் பலூனாக்குவர். வீடெங்கும் மணக்கும் கோப்பி மட்டும் பிள்ளைகளுக்கு இல்லை. பெரியவர்களாக வளரவேண்டும் என்று பிள்ளைகள் அவசரப்பட்டதற்கு அந்த மணமும் ஒரு காரணமாயிருந்தது என்பதை அம்மையார் குறும்போடு எழுதியிருக்கிறார்.

தந்தையார் இளமையில் இறந்தார். அதன்பின், 16ஆவது வயதில், எட்னா ஊரை விட்டுப் புறப்பட்டார். உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்த காலம் அது. முதலில் வாஷிங்டன், அடுத்து நியூயோர்க். தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நோக்கிப் பெயர்ந்த பெருஞ்செலவிலே அவரும் ஒரு துளியானார். நியூயோர்க்கிற் கிடைத்த முதல் வேலை ஒரு சலவைச்சாலையில் உடுப்பு அழுத்தும் வேலை. அழுத்துபெட்டியை அதற்குமுன் அவர் கையாற் தொட்டதில்லை. மூன்று மணித்தியாலத்துள் வேலை போயிற்று. ஆனால் தையல் தெரியும். ஃப்ரீடவுனின் பெண்கள் யாவர்க்கும் தெரிந்த தொழில் அது. விரைவிலே தேர்ந்த தையற்கலைஞர் எனப் பெயர் பெற்றார். பரிஸ் நகரத்துப் புகழ்பெற்ற டியோரின் ஆடைகளைப் பார்த்து அவ்வாறே தைப்பார். நடிகை மரிலின் மொன்றோவுக்கும் ஆடை தைத்துக் கொடுத்தார். தமக்கென ஆபிரிக்கத் துணிகளில் நீண்ட அங்கிகளைத் தாமே தைத்து அணிந்தார். உயர்ந்த தோற்றமும், பின்னி முடிந்த கூந்தலும், அந்த அங்கியுமாக அவர் நடந்து வந்தால் அறையிலுள்ளோர் பேச்சை நிறுத்திப் பார்ப்பது வழக்கம் எனக் கண்டோர் கூறுவர்.

அரசியலிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்காக உழைத்தார். பொதுவுடைமைக் கட்சியினரின் 'டெய்லி வேர்க்கர்' நாளிதழிலும் சிலகாலம் பணியாற்றினார். கணவர் ஸ்டீவன் கிங்ஸ்டன் என்பவரும் பொதுவுடைமையாளர். கப்பலிற் சமையற்காரராய் இருந்தவர்.

1940களின் இறுதியில் ஜோன் நிக்கல்சன் என்ற பழம்பொருள் வணிகர், மன்ஹற்றனின் கிழக்குப் பகுதியில் ஓர் உணவுச்சாலை திறக்க எண்ணினார். எட்னா அவருடைய நண்பர். நல்ல சமையற்காரி என்பதும் தெரியும். சமையற் பொறுப்பும் பங்கும் அவருக்கு வழங்கப்பட்டன. 'கஃபே நிக்கல்சன்' என்ற அச்சாலை பழைய சிலைகளும் பளிங்கும் செடிகளும் நிறைந்த விசித்திரமான இடம். அங்கே பரிமாறப்பட்ட உணவோ மிக எளிமையானது: மூலிகையிட்டுச் சுட்ட கோழி, மீன், இறைச்சி, சலாது, இறுதியில் முட்டை வெண்கருவை அடித்துப் பொங்கவைத்த சொக்கலேற் சூஃப்லே. இந்தச் சூஃப்லேயைத் தேடி நகரத்தின் பிரமுகரெல்லாம் வந்தனர். நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ், எழுத்தாளர்களான ட்ரூமன் கப்போட், வில்லியம் ஃபோக்னர், முன்னைநாள் ஜனாதிபதியின் துணைவியார் எலனோர் ரூஸ்வெல்ட் ஆகியோர் அங்கு உண்டவர்கள். தென்மாநிலத்து எழுத்தாளர் பலருக்கு அங்கே கிடைத்தது தாய்வீட்டின் சுவை. கறுப்பினப் பெண்ணொருவர் நியூயோர்க்கில் இத்தகைய உணவுச்சாலையின் தலைமைச் சமையலாளராயும் பங்காளியாயும் இருந்தது அக்காலத்தில் வெகு அபூர்வம். கணவருக்கு மாத்திரம் மகிழ்ச்சியில்லை. வீதியிற் போகும் சாதாரண மக்களுக்கு உணவிடவேண்டிய நீ முதலாளிகளுக்கு ஊட்டுகிறாயே என்று குறைப்பட்டுக்கொள்வார். கொள்கையாளரை மணந்தோர்க்கு இவ்வகை இடர் உலகெங்கும் பொது.

1950களின் நடுப்பகுதியில் அம்மையார் அவ்வேலையை விட்டார். அடுத்த இருபது ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமுமானவை. நியூ ஜேர்சியில் கணவரோடு ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வகையை வளர்த்தார். ஒரு நோய் வந்து பறவைகள் அத்தனையும் மாண்டன. உணவுச்சாலை நடத்தினார், நிலைக்கவில்லை. விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தார். சமையல் வகுப்பு நடத்தினார். நியூயோர்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையிலே, ஆபிரிக்க மக்களின் வாழ்வைக் காட்டும் மண்டபத்தில் பார்வையாளருக்கு விளக்கமளிப்பவராகவும் பணிசெய்தார். கண்ணாடிப் பெட்டிகளுள் இருந்த பொருள்களைச் சுட்டி அவர் பிறருக்கு எடுத்துச் சொன்ன அந்நாட்களில், தம் ஊரின் வாழ்வுக்கு அத்தகைய பெட்டி எங்குமே இல்லை என்ற எண்ணம் எழுந்திருக்கக்கூடும். ஃப்ரீடவுனின் பழைய குடிகள் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருந்தார்கள்.

1972ஆம் ஆண்டு, இவாஞ்சலின் பீற்றர்சன் என்ற பெண்மணியோடு சேர்ந்து எழுதிய முதலாவது சமையல் நூல் வெளிவந்தது. அது அந்நாளைய நாகரிக விருந்துகளுக்கான நூல். பிழை சொல்ல இடமில்லை. நினைவில் நிற்கவும் இல்லை. அடுத்த நூலுக்கான எண்ணத்தோடு இருவரும் க்னாப்ஃ பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் ஜூடித் ஜோன்ஸ் அம்மையாரைக் கண்டார்கள். அவர் சாதாரணமானவர் அல்லர். ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பு, வேண்டாமென ஒதுக்கிய கட்டிலே கிடந்தபோது அதனை எடுத்துப் படித்து அமெரிக்காவில் அச்சேறச் செய்தவர். ஜூலியா சைல்ட் எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூலை 1961இல் உலகுக்குத் தந்தவர். எட்னா தம் இளமைக் கால ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஜோன்ஸ் மெய்ம்மறந்து கேட்டார். ஆனால் எழுதிக் கொணர்ந்த பக்கங்களில் அந்தப் பேச்சு இல்லை. பிறர் திருத்திய மென்மையான ஆங்கிலமே இருந்தது. நீங்கள் பேசுவதுபோலவே, நீங்களே எழுதுங்கள் என்று அவர் வேண்டினார். பீற்றர்சன் பெருந்தன்மையோடு விலகிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த எட்னா, மஞ்சள் நிறக் கோட்டுத்தாள்களிலே தம் கைப்பட எழுதத் தொடங்கினார்.

எழுத்து வளர்ந்து வந்தபோது ஜோன்ஸ் ஒரு குறையைக் கண்டார். இலையுதிர் காலப் பகுதியில் நன்றியளிப்பு நாள் விருந்து இல்லையே என்று கேட்டார். நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை வான்கோழி சுட்டு உண்ணும் அந்நாள், அமெரிக்கரின் தலையாய குடும்பத் திருநாள். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த குடியேறிகள் தம் முதல் அறுவடைக்கு நன்றி கூறிய நினைவாக அது கொண்டாடப்படுகிறது. எட்னா அமைதியாக விடை சொன்னார்: எங்கள் ஊரில் அந்நாளை நாங்கள் கொண்டாடியதில்லை; விடுதலை நாளையே கொண்டாடினோம். அவருடைய முன்னோரும் கப்பலில் வந்தவர்களே. ஆனால் அக்கப்பல் வேறு. ஜோன்ஸ் மறுமொழி கூறவில்லை. அதை எழுதுங்கள் என்றார். கினிக்கோழியைச் சட்டியில் இட்டு மெல்லச் சமைத்துக் காட்டரிசிச் சோற்றோடு பரிமாறும் விடுதலைநாள் விருந்து இவ்வாறு நூலில் இடம்பெற்றது. பக்கத்தை விரைந்து புரட்டுவோருக்கு அது சில உணவுகளின் பட்டியல். அறிந்து படிப்போருக்கு, ஒரே நாட்டில் இரு வேறு வரலாறுகள் இரு வேறு மேசைகளில் அமர்ந்து உண்பதைக் காட்டும் பக்கம் அது.

1976ஆம் ஆண்டு 'த ரேஸ்ற் ஒஃப் கன்றி குக்கிங்' என்ற பெயரில் அந்நூல் வெளிவந்தது. 'நாட்டுப்புறச் சமையலின் சுவை' எனத் தமிழிற் சொல்லலாம். வழமையான சமையல் நூல்களிற்போல இரசம், இறைச்சி, இனிப்பு என அது பிரிக்கப்படவில்லை. இளவேனில் தொடங்கிக் கூதிர் முடிய நான்கு பருவங்களாகவும், ஒவ்வொரு பருவத்துள்ளும் ஒரு குறித்த நாளின் உணவாகவும் அது அமைந்தது: ஆட்டு மயிர் கத்தரிக்கும் நாள், கோதுமை அறுவடை நாள், எழுச்சி ஞாயிறு, பன்றி வெட்டியதன் மறுநாட் காலை, கிறிஸ்மஸ் முந்திய இரவு. சமையற் குறிப்பு தொடங்குமுன் அந்த நாளின் காற்றும் வெளிச்சமும் வேலையும் சொல்லப்படும். அதன் பின்னரே இத்தனை கிண்ணம் மா, இத்தனை கரண்டி வெண்ணெய் என்ற கணக்கு வரும். அந்தக் கணக்கிலே மயக்கம் இல்லை. நாணயத்தில் அளந்த தாயின் அளவைகளை அம்மையார் மீண்டும் மீண்டும் சமைத்துப் பார்த்துக் கிண்ணக் கணக்குக்கு மாற்றினார். கடையில் விற்கும் பேக்கிங் பவுடரில் உலோகச் சுவை தட்டுகிறது என்று, கிறீம் ஒஃப் ரார்ட்டார் இரண்டு பங்கும் பேக்கிங் சோடா ஒரு பங்கும் கலந்து தாமே செய்துகொள்ளும் முறையையும் பிற்காலத்திற் பரப்பினார்.

இந்நூலின் அருமையை உணர வேண்டுமாயின் அதற்குமுன் இருந்த நிலையைச் சிறிது நோக்கவேண்டும். வேர்ஜீனியச் சமையலுக்கு முதல் நூல் என மதிக்கப்படுவது 1824இல் மேரி ராண்டொல்ஃப் என்ற வெள்ளையினச் சீமாட்டி எழுதிய நூல். அக்குடும்பத்தினரின் அடுப்பங்கரையில் நின்று வெந்தவர்கள் அடிமைகள். மூன்றாம் ஜனாதிபதி தோமஸ் ஜெஃபர்சனின் அடிமையான ஜேம்ஸ் ஹெமிங்ஸ், பரிஸ் நகரில் முறையாகச் சமையல் பயின்றவர். தம் சகோதரருக்கு அக்கலையைக் கற்பித்துக் கொடுத்த பின்னரே 1796இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. சமைத்த கை ஒருவருடையது; கையெழுத்து வேறொருவருடையது. கறுப்பினப் பெண்கள் எழுதாமலும் இல்லை. 1866இல் மலிண்டா ரசெல் என்பவர் சிறுநூல் ஒன்றை அச்சிட்டார். எழுதப் படிக்க அறியாத அபி ஃபிஷர் தாம் சொல்லப் பிறர் எழுத 1881இல் ஒரு நூலை வெளியிட்டார். இரண்டும் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. கறுப்பினச் சமையற்காரி என்றால் நாட்டினருக்குத் தெரிந்தது, 1889 தொடங்கி மாப் பொட்டலங்களின்மேற் சிரித்துக்கொண்டிருந்த 'ஆன்ற் ஜெமைமா' என்ற கற்பனைப் பணிப்பெண்ணின் முகமே. அந்தப் பெயரை வணிகர் கைவிட 2021ஆம் ஆண்டாயிற்று. அப்பொட்டலத்துப் பணிப்பெண்ணைக் கண்டு பழகிய கண்களுக்கு, நிலம் உழுது, கவிதை ஒப்புவித்து, தமக்கென விருந்து சமைத்து உண்ட ஒரு கறுப்பின ஊரை எட்னா காட்டினார். எவர்க்கும் பணிவிடை செய்யாத சமையல் அது.

நூலின்மேல் ஒரு குறையும் கூறப்படுவதுண்டு. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் பட்ட அவமதிப்பும் அச்சமும் அதில் இல்லை. எல்லாம் தேனும் பாலுமாக இருக்கின்றன என்பர். இக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. 16 வயதுப் பெண் ஊரைவிட்டு ஏன் போனாள் என்பதற்கு நூலில் நிறைவான விடை இல்லை. ஆனால் பாட்டியாரின் தொட்டிலையும், 950 டொலரையும், விடுதலைநாள் விருந்தையும் உரிய இடங்களில் வைத்த ஒருவர் வரலாற்றை மறந்தவர் ஆகார். துன்பத்தை மட்டுமே எழுதினால் துன்பம் செய்தவனே அந்த வரலாற்றின் நாயகனாகிவிடுகிறான். தம் மக்களின் மகிழ்ச்சியும் பதிவு செய்யத்தக்கதே என்று அவர் துணிந்தார் எனக் கொள்வதே பொருத்தம்.

புகழ் வந்தது, பணம் அந்த அளவுக்கு வரவில்லை. ஓய்வு பெறும் வயதில் அம்மையார் மீண்டும் அடுப்பண்டை நின்றார். வட கரோலினாவிலும், தென் கரோலினாவின் மிடில்ரன் பிளேஸ் என்ற பழைய பண்ணை மாளிகையிலும் சமையலாளராய் இருந்தார். அடிமைகளின் உழைப்பால் எழுந்த அம்மாளிகையின் உணவுச்சாலைக்கு அடிமையின் பேர்த்தி தலைமை தாங்கினார். 1988இல் மூன்றாவது நூல் வெளிவந்தது. அதே காலத்தில், எழுபது வயதைக் கடந்த நிலையில், புரூக்ளினிலுள்ள 'கேஜ் அன்ட் ரொல்னர்' என்ற நூற்றாண்டு கண்ட உணவுச்சாலையின் பொறுப்பை ஏற்று 1992 வரை நடத்தினார்.

இறுதிக் காலத்திற் கிடைத்த நட்பு ஒன்று குறிப்பிடத்தக்கது. ஸ்கொற் பீக்கொக் என்பவர் அலபாமாவில் பிறந்த வெள்ளையின இளைஞர். ஜோர்ஜியா மாநில ஆளுநர் மாளிகையிற் சமையலாளராய் இருந்தவர். அம்மையாரைவிடப் பல பத்தாண்டுகள் இளையவர். இத்தாலியச் சமையல் கற்கப்போக எண்ணியிருந்த அவரை, முதலில் உன் சொந்த ஊரின் சமையலைக் கற்றுக்கொள் என்று அம்மையார் திருப்பினார். இருவரும் தென்னாட்டுச் சமையலைப் பேணுவதற்கு ஒரு சங்கம் அமைத்தனர். 2003இல் 'த கிஃப்ற் ஒஃப் சதேர்ன் குக்கிங்' என்ற நூலைச் சேர்ந்து எழுதினர். முதுமையில் நினைவு தளர்ந்தபோது பீக்கொக்கே அம்மையாரைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார். ஒரு தாய்க்கு மகன் செய்வதுபோல அவர் செய்தார். 2006ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி, ஜோர்ஜியாவின் டிகேற்றர் நகரில், 89ஆம் வயதில் எட்னா லூயிஸ் அம்மையார் காலமானார்.

மறைந்த பின்னரும் அவர் பேசினார். தென்னாடு என்றால் என்ன என்ற கேள்விக்கு விடையாக 1990களில் அவர் எழுதி வைத்திருந்த கட்டுரை, 2008 ஜனவரியில் 'கூர்மே' சஞ்சிகையில் அச்சேறியது. 2014ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சற் பகுதி சமையற் கலைஞர் ஐவருக்கு முத்திரை வெளியிட்டது. அவர்களுள் ஜூலியா சைல்டும் ஒருவர். எட்னா லூயிசும் ஒருவர். இருவருடைய நூல்களையும் பதிப்பித்த ஜூடித் ஜோன்ஸ் அதனைக் காண உயிரோடிருந்தார். 2017இல் தொலைக்காட்சிச் சமையற் போட்டியொன்றில் அம்மையாரைப் பற்றிக் காட்டியதும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூலை வாங்க மக்கள் முண்டியடித்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தேடியது பொரித்த கோழியின் செய்முறையை. அதைக் கண்டுபிடிக்கக் கோடைப் பகுதிக்கும் இளவேனிற் பகுதிக்கும் இடையே பக்கங்களைப் புரட்டியவர்கள், இலையுதிர் காலத்தில் நன்றியளிப்பு நாளைக் காணாது ஒரு கணம் நின்றிருப்பார்கள்.